ஷார்க்னேடோ: ட்விட்டர் அதிர்ந்த இரவில் டிவி முன்னால் இருந்தவர்கள் எத்தனை பேர்?

2013 ஜூலை 11, வியாழக்கிழமை. அமெரிக்காவின் சைஃபை கேபிள் சேனலில் இரவு 9 மணிக்கு ஒரு படம் ஓடியது. கடலில் கிளம்பிய சுழற்காற்று சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் கொட்டுகிறது. பறந்து வரும் சுறாவைக் கதாநாயகன் மின்ரம்பத்தால் அறுக்கிறான். கதை அவ்வளவுதான். படத்தின் பெயர் ஷார்க்னேடோ. தயாரித்தது தி அசைலம் என்ற நிறுவனம். கைக்கு அடக்கமான செலவில், மளமளவென்று படங்களை எடுத்துத் தள்ளுவதில் பெயர் வாங்கியது. இயக்கியவர் அந்தோனி ஃபெரான்டே, எழுதியவர் தண்டர் லெவின். நடித்தவர்கள் இயன் ஜீரிங், டாரா ரீட். இருவரும் ஒருகாலத்தில் பிரபலம், அப்போது அவ்வளவு இல்லை.

சைஃபைக்கு இது புதிதல்ல. இப்படிப்பட்ட அசட்டுப் படங்களை அந்தச் சேனல் வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்றிரண்டு தடவை ஓடும், மறந்துவிடுவார்கள். இந்தப் படத்துக்கு நடந்ததுதான் வேறு. ஒளிபரப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ட்விட்டரில் அந்தப் பெயர் மேலே ஏறியது. நடிகை மியா ஃபாரோ எழுதினார், டிவி தொடர் எழுத்தாளர் டேமன் லிண்டலாஃப் எழுதினார், நடிகர் வில் வீட்டன் எழுதினார். பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள், பார்க்காதவர்கள் என்ன கூத்து இது என்று கேட்டார்கள். உச்சத்தில் நிமிடத்துக்கு 5,000 ட்வீட் வரை போனது.

மறுநாள் காலையில் அமெரிக்க ஊடகம் முழுக்க ஒரே பேச்சு: டிவியின் எதிர்காலம் இதுதான், இனி ரேட்டிங்கைச் சமூக ஊடகம் தீர்மானிக்கும். அப்புறம் டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் எண் வந்தது. முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் 13.7 லட்சம் பேர்.

சைஃபையின் சொந்தப் படங்களுக்குச் சராசரியாகக் கிடைத்துவந்த கூட்டம் 15 லட்சம் அளவில் இருந்தது. அதாவது நாடே பேசியதாகச் சொல்லப்பட்ட இரவில், யாருமே பேசாத சாதாரண சைஃபை படத்துக்கு வரும் கூட்டம்கூட முழுதாக வரவில்லை. அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 31.6 கோடி. ஆயிரம் பேரில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஒரு எண்ணை வைத்தே பலர் வழக்கை மூடிவிட்டார்கள். ட்விட்டர் வெறும் இரைச்சல், அதனால் ஒரு ஆள்கூட டிவி பக்கம் வரமாட்டான் என்றார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் கதை அன்றிரவோடு முடியவில்லை.

அடுத்த வியாழன், ஜூலை 18, மறு ஒளிபரப்பு. பார்த்தவர்கள் 18.9 லட்சம். ஜூலை 27 சனிக்கிழமை மூன்றாம் தடவை போட்டார்கள். 21 லட்சம். முதல் இரவைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். ஒரே படம், ஒரே சேனல், பதினாறே நாளில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஏறுகிறது. டிவியில் மறு ஒளிபரப்பு என்றால் கூட்டம் இறங்கும் என்பதுதான் எழுதப்படாத விதி. சைஃபையின் சொந்தப் படங்களின் மறு ஒளிபரப்புகளில் அதற்கு முன் எதுவும் அந்த 21 லட்சத்தைத் தொட்டதில்லை.

ஆக, பேச்சுக்குப் பலன் இருந்தது. ஆனால் பேசிய இரவில் இல்லை.

விளம்பரதாரர் காசு கொடுப்பது எதற்கு

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று புரிய, அமெரிக்க டிவியில் விளம்பர நேரம் அப்போது எப்படி விற்கப்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்தது. 2007 முதல் விளம்பர வியாபாரத்தில் விலைக்கு அடிப்படையாக இருந்தது சி3 என்ற எண். அது நிகழ்ச்சியின் ரேட்டிங் அல்ல. நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் விளம்பர நிமிடங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதன் சராசரி. நேரடியாகப் பார்த்தவர்களும், பதிவு செய்து மூன்று நாளுக்குள் பார்த்தவர்களும் இதில் அடக்கம். விளம்பரத்தை வேகமாக ஓட்டித் தள்ளினால் கணக்கில் வராது.

2013-ல் ஏறத்தாழ பாதி அமெரிக்க வீடுகளில் டிவிஆர் பெட்டி இருந்தது. நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டு, சாவகாசமாக, விளம்பரத்தைத் தாண்டித் தாண்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. சேனல்களுக்கு இது வயிற்றில் அடி. இந்த இடத்தில்தான் ட்விட்டர் ஒரு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். கதை முன்கூட்டியே கசிந்துவிடும் என்ற பயத்தில் நேரலையாகவே பார்ப்பார்கள். நேரலையாகப் பார்த்தால் விளம்பரத்தைத் தாண்ட முடியாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ட்விட்டருக்கும் அந்த வருஷம் இந்தக் கதை தேவைப்பட்டது. நவம்பரில் பங்குச் சந்தைக்குப் போகப்போகிறார்கள். வருமானம் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். அமெரிக்க விளம்பரப் பணத்தின் பெரிய குவியல் டிவியில் இருந்தது. 2013 பிப்ரவரியில் புளூஃபின் லேப்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கினார்கள். எந்தச் சேனலில் எந்த விளம்பரம் எப்போது ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்களோடு பொருத்திப் பார்க்கும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருந்தது. மே மாதம் அதை வைத்தே ஒரு சேவை: டிவியில் ஒரு கம்பெனியின் விளம்பரம் ஓடிய நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் ட்வீட் போட்டிருந்தால், அதே கம்பெனியின் விளம்பரம் உங்கள் ட்விட்டரிலும் வந்து நிற்கும். அதற்கும் முன்னால், 2012 டிசம்பரில், நீல்சனோடு பல வருஷ ஒப்பந்தம் போட்டு, நீல்சன் ட்விட்டர் டிவி ரேட்டிங் என்ற புது அளவுகோலை அறிவித்துவிட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2013 அக்டோபரில்.

இதெல்லாம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து சுறா விழுந்தது. விற்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறென்ன வேண்டும்?

யார் யாரை இழுக்கிறார்கள்

ஷார்க்னேடோவுக்கு ஒரு மாசம் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று நீல்சன் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய சேனல்களில் இரவு முக்கிய நேரத்தில் ஓடிய 221 எபிசோடுகளை எடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் ரேட்டிங்கையும் ட்வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது என்று பார்த்தார்கள். 48 சதவீத எபிசோடுகளில் ரேட்டிங் ஏறியதால் ட்வீட் கூடியது. 29 சதவீதத்தில் ட்வீட் கூடியதால் ரேட்டிங் நகர்ந்தது.

செய்திகளில் அந்த 29 சதவீதம்தான் தலைப்பானது. பத்தில் ஏழு எபிசோடுகளில் ட்வீட்டால் ரேட்டிங் அசைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதே கணக்குதான். இன்னொன்று, ஆய்வு செய்தது ட்விட்டரோடு சேர்ந்து புது அளவுகோலை விற்கப்போகிற நிறுவனம். எண்கள் பொய் என்று சொல்லவில்லை. எந்த எண்ணை முன்னால் நிறுத்துவது என்பதில் ஆசை கலந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வகை வகையாகப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். போட்டி ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் 44 சதவீத எபிசோடுகளில் ட்வீட்டால் ரேட்டிங் நகர்ந்தது. நகைச்சுவையில் 37, விளையாட்டில் 28, நாடகத் தொடர்களில் 18. பிக் பாஸ் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு முதல் எண்ணை விளக்க வேண்டியதில்லை. நாடகத் தொடரை நடுவில் போய்ப் பிடிக்க முடியாது. முன்கதை தெரிய வேண்டும். போட்டி நிகழ்ச்சியை எந்த நிமிடத்திலும் திறந்து பார்க்கலாம். சுறாப் படமும் அந்த ஜாதிதான். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி புரியும், அல்லது ஒரே மாதிரி புரியாது.

அப்படியானால் முதல் இரவிலேயே கூட்டம் வந்திருக்க வேண்டுமே? வராததற்கு எளிய காரணம் நேரம். ட்வீட் உச்சத்துக்குப் போகும்போது படம் வெகுதூரம் ஓடியிருக்கும். கைப்பேசியில் ஜோக்கைப் படித்துச் சிரிக்கிறவர் எழுந்து போய், நூற்றுக்கணக்கான சேனல்களில் சைஃபை எது என்று தேடி, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். படத்தைவிட ஜோக்குகள்தான் நன்றாக இருந்தன என்பதும் உண்மை. ஜோக்கு இலவசமாகக் கையிலேயே கிடைக்கும்போது எதற்கு எழுந்திருப்பது?

பேச்சின் அளவும் பார்வையாளர் அளவும் எவ்வளவு தூரம் விலகி இருக்க முடியும் என்பதற்கு அதே வருஷத்திலேயே வேறு சாட்சிகள் உண்டு. 2012–13 பருவத்தில் அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த தொடர் சிபிஎஸ் சேனலின் என்சிஐஎஸ்; சராசரியாக இரண்டு கோடிக்கு மேல். அதன் ரசிகர்களில் வயதானவர்கள் அதிகம். பார்ப்பார்கள், தூங்கப் போவார்கள், ட்வீட் போட மாட்டார்கள். மறுபக்கம், ஏபிசி ஃபேமிலியின் பிரிட்டி லிட்டில் லையர்ஸ் 2013 ஆகஸ்டில் ஒரே எபிசோடுக்கு 19 லட்சத்துக்கும் மேல் ட்வீட் வாங்கியது. பார்த்தவர்கள் சுமார் 30 லட்சம், பெரும்பாலும் இளம்பெண்கள். அழகு சாதனப் பொருள் விற்பவருக்கு அந்த 30 லட்சம் தங்கம், மூட்டுவலி மருந்து விற்பவருக்குப் பிரயோஜனம் இல்லை. ட்வீட் எண்ணிக்கை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. சந்தா கட்டிப் பார்க்கும் எச்பிஓ சேனலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வருஷம் ஜூனில் கேம் ஆஃப் த்ரோன்ஸின் ரத்தக் கல்யாண எபிசோடு சமூக ஊடகத்தையே உலுக்கியது. ஆனால் அப்போது எச்பிஓவில் விளம்பரமே கிடையாது. அத்தனை பேச்சும் சந்தா விற்க மட்டும்.

72 மணி நேரம் வாய் மூடிய வெய்போ

பேச்சு கூட்டத்தைக் கொண்டுவருகிறதா, கூட்டம் பேச்சைக் கொண்டுவருகிறதா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நல்ல நிகழ்ச்சி இரண்டையும் சேர்த்தே கொண்டுவரும். சுத்தமாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒருநாள் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டு, டிவியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சோதனையை எந்த நிறுவனமும் செய்யாது. சீன அரசாங்கம் செய்தது, வேறு காரணத்துக்காக.

2012 மார்ச்சில் பெய்ஜிங்கில் ராணுவப் புரட்சி என்று ஒரு வதந்தி சீனாவின் சமூக ஊடகங்களில் பரவியது. தண்டனையாக, ட்விட்டர் மாதிரியான சீனத் தளமான சினா வெய்போவில் கருத்துப் பதியும் வசதியை மார்ச் 31 காலையிலிருந்து 72 மணி நேரம் மூடச் செய்தார்கள். பதிவு போடலாம், யாரும் கீழே பதில் எழுத முடியாது. இந்த மூன்று நாளை ஸ்டீஃபன் ஸைலர், சாங் யாவ், வென்போ வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். சீன நகரங்களின் டிவி ரேட்டிங்கை, சினா வெய்போவை அவ்வளவாகப் பயன்படுத்தாத ஹாங்காங்கோடு ஒப்பிட்டார்கள். 2017-ல் முடிவு வெளியானது.

பேச்சு குறைந்ததும் பார்வையும் குறைந்தது. ஆனால் மிகக் கொஞ்சமாக. கருத்துகள் 10 சதவீதம் மாறினால் ரேட்டிங் சுமார் 0.16 சதவீதம் மாறும், அந்த அளவுதான். ட்விட்டரால் டிவியே மாறப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது குளிர்ந்த தண்ணீர்.

அதைவிட முக்கியம், அந்த ஆய்வின் இரண்டாவது முடிவு. நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் பேச்சு கூட்டத்தைக் கூட்டவில்லை. நிகழ்ச்சிக்குப் பின்னால் வரும் பேச்சுதான் கூட்டியது. பின்னால் வருவது முன்னால் நடந்ததை எப்படி மாற்றும்? மாற்றாது. பிறகு இதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தெரிந்தே மக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பேச வழியில்லை என்றால் பார்க்கும் ஆசையும் கொஞ்சம் குறைகிறது. சமூக ஊடகத்தைச் செலவில்லாத விளம்பரப் பலகையாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். ட்வீட்டைப் படித்து, ஓ, இப்படி ஒரு படம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு ஓடி வருபவர்கள் குறைவு. நாளைக்கு நாலு பேர் பேசும்போது நமக்கும் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று வருபவர்கள்தான் கணக்கில் தெரிகிறார்கள்.

இதோடு பழைய ஆய்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டேவிட் கோடஸ், டினா மேய்ஸ்லின் என்ற இருவர் 1999–2000 பருவத்தின் புதுத் தொடர்களைப் பற்றி யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் நடந்த பேச்சை எடுத்து 2004-ல் ஆய்வு வெளியிட்டார்கள். எவ்வளவு பேசினார்கள் என்பதைவிட எத்தனை விதமான குழுக்களில் பேச்சு பரவியிருந்தது என்பதுதான் ரேட்டிங்கோடு பொருந்தி வந்தது. ஒரே கூட்டத்துக்குள் ஆயிரம் தடவை சுற்றிய செய்தி ஒரே கூட்டத்தில்தான் இருக்கும்.

இப்போது ஷார்க்னேடோவின் மூன்று எண்களை மறுபடி பாருங்கள். ஜூலை 11 இரவில் பேசியவர்களில் பலர் சினிமா, டிவி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். மறுநாள் அதே பேச்சு காலைச் செய்திக்கும் நாளிதழுக்கும் ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்கும் போனது. ட்விட்டர் கணக்கே இல்லாதவருக்கும் பெயர் தெரிந்தது. ஒரு வாரத்தில் அது எல்லோருக்கும் பொதுவான பேச்சாகிவிட்டது. பார்க்காவிட்டால் பேச்சில் சேர முடியாது. 18.9 லட்சம், 21 லட்சம் என்று ஏறியது அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஆய்வுகள் வேறு நிகழ்ச்சிகளைப் பற்றியவை. சுறாவைச் சேர்த்து வைப்பது நான்.

அக்டோபரில் வந்த நீல்சன் ட்விட்டர் ரேட்டிங்கின் அமைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் ஒளிபரப்புக்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்து மூன்று மணி நேரம் வரை வரும் ட்வீட்டுகளைத்தான் அது எண்ணும். அவற்றை எழுதியவர்களை மட்டுமல்ல, படித்தவர்களையும் எண்ணும். 2,000 பேர் எழுதினால் சராசரியாக ஒரு லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்று நீல்சன் சொன்னது. சரி. ஆனால் ஷார்க்னேடோவின் லாபம் முழுக்க ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து மறு ஒளிபரப்புகளில் வந்தது. இந்த அளவுகோல் ஜூலையிலேயே இருந்திருந்தால், பலன் இல்லாத இரவைத் தங்கமாகக் காட்டியிருக்கும். பலன் வந்த இரவுகள் அதன் வரம்புக்குள்ளேயே வந்திருக்காது.

தியேட்டரில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சின் சூட்டோடு ஆகஸ்ட் 2 நள்ளிரவில் ரீகல் திரையரங்குகள் சுமார் 200 இடங்களில் படத்தைப் போட்டன. வசூல் 2 லட்சம் டாலரைத் தொடவில்லை. காசு கொடுத்து வெளியே போய்ப் பார்க்கும் அளவுக்கு யாருக்கும் அந்தப் பேச்சு தேவைப்படவில்லை.

இரண்டாவது சுறா

சைஃபைக்குப் பாடம் சீக்கிரம் புரிந்தது. பேச்சு மறுநாள் வரும், கூட்டம் அதற்கடுத்து வரும் என்றால், அடுத்த படத்தைப் பேச்சுக்காகவே எடுத்தால் போயிற்று. அடுத்த படத்தின் தலைப்பையே ட்விட்டரில் மக்களிடம் கேட்டார்கள். தி செகண்ட் ஒன் என்பது அப்படி வந்த துணைத்தலைப்பு. படத்தைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக, பகிர்வதற்கு வசதியாகக் கட்டினார்கள். தெரிந்த முகங்கள் நிமிடத்துக்கு ஒன்றாக எட்டிப் பார்த்தன. என்பிசியின் காலை நிகழ்ச்சியிலிருந்து மாட் லாயரும் ஆல் ரோக்கரும் தாங்களாகவே தோன்றினார்கள். சப்வே சாண்ட்விச் நிறுவனத்தின் விளம்பர முகமாக அப்போது இருந்தவரும் ஒரு காட்சியில், நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில், வருகிறார். விளம்பர இடைவேளைக்குக் காத்திராமல் விளம்பரமே படத்துக்குள் நுழைந்துவிட்டது. நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்திருந்தால் இடைவேளையில் வரும் முப்பது விநாடி விளம்பரமான ஸ்பாட்டைவிட இதைத்தான் கேட்டிருப்பேன். ட்வீட்டில் துண்டு துண்டாகச் சுற்றப்போவது படத்தின் காட்சிகள்தான், ஸ்பாட் அல்ல.

2014 ஜூலை 30 அன்று ஒளிபரப்பு. 39 லட்சம் பேர். அதுவரை வந்த சைஃபையின் சொந்தப் படங்களில் அதிகபட்சம். ட்விட்டரில் 100 கோடி முறை கண்ணில் பட்டதாக ஒரு மதிப்பீடும் சேர்ந்து வந்தது. 100 கோடிக்கும் 39 லட்சத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கண்ணில் பட்டது என்றால் யாரோ ஒருவருடைய திரையில் அந்த வரி ஓடியிருக்கக்கூடும் என்ற கணக்கு. ஒரே ஆள் இருபது தடவை வருவார். டிவி இல்லாதவர் வருவார், அமெரிக்காவிலேயே இல்லாதவரும் வருவார். விளம்பரதாரரிடம் இந்த எண்ணைப் பெருமையாகக் காட்டலாம், அதை வைத்து ஸ்பாட்டுக்கு விலை பேச முடியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சைஃபையின் அப்போதைய தாய் நிறுவனம் என்பிசியுனிவர்சல். அதே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் ஆலன் வுர்ட்ஸல், அதே 2014 ஏப்ரலில், சமூக ஊடகம் டிவி பார்ப்பதை மாற்றும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிப்ரவரியில் நடந்த சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கை வைத்து அவர்கள் செய்த கணக்கு: பார்த்தவர்களில் 19 சதவீதம் பேர்தான் அதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் ஏதாவது எழுதியிருந்தார்கள். மூன்று மாசம் கழித்து அதே வீட்டில் ஷார்க்னேடோ 2, முதல் படத்தின் முதல் இரவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூட்டத்தைக் கொண்டுவருகிறது.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஒலிம்பிக் ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த பெரிய விஷயம். பேச்சு அதற்கு ஒன்றும் கூட்டாது. யாருக்கும் தெரியாத சின்னச் சேனலின் சின்னப் படத்துக்குத்தான் பேச்சு ஏதாவது செய்யும். 39 லட்சமும் முழுக்க ட்வீட்டால் வந்தது என்று சொல்ல மாட்டேன். என்பிசியின் காலை நிகழ்ச்சிக்காரர்கள் நடித்த படத்தைப் பற்றி என்பிசியில் பேசாமல் இருப்பார்களா? ஒரு வருஷமாகப் பத்திரிகைகளும் சும்மா இல்லை. பேச்சு, பத்திரிகை, ஒரே நிறுவனத்துச் சேனல்கள் மூன்றும் ஒன்றையொன்று ஊதி வளர்த்தன. எது எவ்வளவு என்று பிரிக்க, இங்கே எந்த அரசாங்கமும் எதையும் 72 மணி நேரம் மூடவில்லை.

இடைவேளையில் கைப்பேசி

இவ்வளவும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பற்றி. பார்த்தவர்கள் விளம்பரத்தைப் பார்த்தார்களா என்பது தனிக் கேள்வி, விளம்பரதாரருக்கு அதுதான் பெரிய கேள்வி. இடைவேளை வந்ததும் குனிந்து ட்வீட் போடுகிறவர் நீல்சன் மீட்டரில் பார்வையாளர்தான். ஆனால் அவர் கண் எங்கே இருக்கிறது?

பெத் ஃபாஸன், டேவிட் ஷ்வைடல் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். 2017-ல் வந்த அவர்களுடைய முதல் ஆய்வு, நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் பேசப்படுவதால் அதில் வரும் விளம்பரப் பொருளைப் பற்றியும் அதிகம் பேசுவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது. சுறாவைப் பற்றிப் பேசுகிறவன் சுறாவைப் பற்றித்தான் பேசுவான். 2019-ல் வந்த இரண்டாவது ஆய்வு பேச்சை விட்டுவிட்டு வாங்குவதைப் பார்த்தது. அதில் எதிர்பாராத நல்ல செய்தி. அதிகம் பேசப்படும் நிகழ்ச்சிகளில் வந்த விளம்பரங்களுக்குப் பிறகு, விளம்பரம் செய்த கடைகளின் இணையதளத்தில் வாங்கும் நடமாட்டம் கூடுதலாக இருந்தது. சிரிக்க வைக்கும் விளம்பரங்களுக்கும் மனதைத் தொடும் விளம்பரங்களுக்கும் இந்தப் பலன் அதிகம்.

கைப்பேசி கவனத்தைத் திருடுகிறது என்று பயந்தவர்களுக்கு இது மாறான விடை. ட்வீட் போடுகிறவர் நிகழ்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பாதி கண் கீழே இருந்தாலும் மனசு அங்கேதான். அதோடு, கடைக்குப் போகும் வழி ஏற்கனவே கையில் இருக்கிறது. ஷார்க்னேடோ மாதிரி எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் படத்துக்கு நடுவில் முகத்தை இறுக்கிக்கொண்டு காப்பீடு விற்பதைவிட, ஒரு கோமாளி விளம்பரம் போடுவது புத்திசாலித்தனம் என்று இதிலிருந்து சொல்லலாம்.

முதல் வருஷத்தில் இந்தச் சூதாட்டத்தில் யாருக்கு லாபம் என்றால், தெரிந்தே போனவர்களுக்கு இல்லை. மறு ஒளிபரப்பு நேரம் பொதுவாக மலிவாக விற்கப்படுவது. ஜூலை 18, 27 தேதிகளில் முன்கூட்டியே ஸ்பாட் எடுத்திருந்தவர்களுக்கு, புதுப்படத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கூட்டம் கேட்காமலே கிடைத்தது. அடுத்த வருஷம் அந்த அதிர்ஷ்டத்துக்கு வாய்ப்பில்லை. எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, சேனலுக்கும்.

2015 ஜூலை 22 அன்று மூன்றாவது படம் வந்தது. அன்றிரவும் ட்விட்டரில் சுறாதான் பேச்சு. பார்த்தவர்கள் 28 லட்சம்; முந்தைய வருஷத்தைவிடக் கால்பங்குக்கு மேல் குறைவு. ஜோக்கு பழகிவிட்டது. என்ன பேசப்போகிறோம் என்பது பார்க்காமலே தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்குப் பின் வந்த எந்தப் படமும் 39 லட்சத்தை எட்டவில்லை. 2018 ஆகஸ்டில் ஆறாவதோடு நிறுத்தினார்கள்.

அளவுகோலுக்கும் வயதானது. 2016 ஜனவரியில் ட்விட்டர் என்ற பெயரை எடுத்துவிட்டு, ஃபேஸ்புக்கையும் சேர்த்து, சமூக உள்ளடக்க ரேட்டிங் என்று நீல்சன் அதை மாற்றப்போவதாக அறிவித்தது. சேனல்கள் அதை விளம்பரதாரர் முன்னால் பவர்பாயிண்டில் காட்டின. விலை பேச உட்கார்ந்தபோது மேசை மேல் இருந்தது சி3, அப்புறம் ஏழு நாள் கணக்கெடுக்கும் சி7.